பவுச்சா, ஜாரா, கண்ணாடியா? மாங்காய் ஊறுகாயை எதில் போட்டுக் கொடுப்பது

போன மாசியில் காவேரிப்பட்டணத்தில் ஒரு பெரியம்மா வீட்டுக்கு ஊறுகாய் கொடுக்கப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், தட்டில் சோறு போட்டாகிவிட்டது. வாங்கின கையோடு ஜாரை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூடி மேல் முந்தானையைப் போட்டுத் திருகினார். மூடி வந்துவிட்டது, அடியில் ஒட்டியிருந்த சில்வர் பேப்பர் சீல் வரவில்லை. பிடித்து இழுக்க அதில் ஒரு வால்கூடக் கிடையாது, விளிம்போடு விளிம்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், விரல் மூட்டெல்லாம் வீங்கிய கை. கடைசியில் கத்தி நுனியால் ஒரு குத்து குத்தினார். பேப்பர் கிழிந்து, மேலே நின்ற எண்ணெய் முந்தானையில் தெறித்தது.

"உள்ள இருக்கறது நல்லாத்தான் கண்ணு இருக்கு, இதத் தொறக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போவுது" என்றார்.

அந்த ஜாரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கடையில் அடுக்கினால் நன்றாக இருக்கிறதா, கசிகிறதா, விலை எவ்வளவு என்றெல்லாம் பார்த்தேனே தவிர, வாங்கிப்போனவர் அதை எப்படித் திறப்பார், பத்தாம் நாள் அது அவர் அடுப்படியில் எந்த நிலையில் இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு எந்த வீட்டுக்கு ஊறுகாய் கொடுக்கப் போனாலும், இருந்து அவர்கள் திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். வீட்டில் செய்து விற்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம், சித்திரை பிறக்கும் முன்னால் எல்லோரும் இந்த முடிவை எடுத்தாக வேண்டும், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து செய்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போய்விடும், அதில் கொஞ்சம் எடுத்துத் தொக்கு கிண்டுவோம். துண்டு ஊறுகாய்க்குப் புளிப்பு ஏறிய நாட்டு மாங்காய்தான். இது போக கேழ்வரகு மாவும் அரைத்து விற்கிறோம். வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஊர் வீடுகள் ஒருபக்கம், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு நாலைந்து பேராக ரூமில் இருக்கிற பிள்ளைகள் ஒருபக்கம், சேலம் பெங்களூரு ரோட்டில் சாப்பாட்டுக் கடைகளில் வண்டியை நிறுத்துகிற லாரிக்காரர்கள் இன்னொரு பக்கம்.

முதலில் பவுச். விலை குறைவு, எடை கிடையாது, பெட்டியில் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். அச்சடித்த பவுச் என்றால் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள், வெறும் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் கொஞ்சமாகவும் எடுக்கலாம், ஆரம்பிக்கிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் ஊறுகாயை அதில் அடைப்பது எழுதிப் படிக்கிற அளவுக்கு லேசான வேலை இல்லை. வாய்ப்பக்கம் துளி எண்ணெய் பட்டாலும் சூட்டில் ஒட்டுகிற சீல் பிடிக்காது. பிடித்த மாதிரி தெரியும், மறுநாள் பெட்டியைத் திறந்தால் அடி அட்டை நனைந்திருக்கும். எங்களுக்கு முதல் வருடம் ஒரு பெட்டி முழுக்க அப்படிப் போனது. இப்போது அகல வாய்ப் புனலை உள்ளே நன்றாக இறக்கி நிரப்பி, வாயின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகுதான் சீல் போடுகிறோம். ஒருத்தர் நிரப்ப, ஒருத்தர் துடைக்க, இரண்டு ஆள் வேலை.

சரி, வீட்டுக்குப் போன பவுச் என்ன ஆகிறது? ஓரத்தில் கிழிப்பதற்காக ஒரு சின்ன வெட்டு இருக்கும், நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதைத் தேடுவதே இல்லை, நேராகப் பல்லில் வைத்துவிடுகிறார்கள். தேடிக் கிழிக்கிறவர்களுக்கும் கிழிசல் நேராகப் போகாமல் குறுக்கே இறங்கிவிடுகிறது. கத்தரிக்கோல் எடுத்து மூலையைச் சின்னதாக வெட்டினால் தொக்கு பிதுங்கி வரும், துண்டு மாங்காய் மூலையில் வந்து அடைத்துக்கொள்ளும், அதனால் இன்னும் அகலமாக வெட்டுவார்கள். அப்புறம் அதை மூட வழி கிடையாது. ரப்பர் பேண்ட், துணி உலர்த்துகிற கிளிப், மடித்து ஒரு டம்ளருக்குள் நிற்க வைப்பது, இதெல்லாம் நான் கண்ணால் பார்த்த மூடிகள். ஒரு வீட்டில் பிரிட்ஜ் கதவுத் தட்டில் பால் கவருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள், பால் கவர் முழுக்க மிளகாய் எண்ணெய்.

இதில் ருசி சம்பந்தப்பட்ட விஷயமும் ஒன்று உண்டு. ஊறுகாய் கெடாமல் நிற்பதற்கு உப்பும் புளிப்பும் ஒரு காரணம், மேலே நிற்கிற எண்ணெய் இன்னொரு காரணம், அது துண்டுகளின் மேல் காற்றுப் படாமல் மூடிக்கொண்டிருக்கும். நிற்கிற பாத்திரத்தில்தான் எண்ணெய் மேலே நிற்கும். பிரித்து மடித்துப் படுக்க வைத்த பவுச்சில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, மாங்காய் இன்னொரு பக்கம் காய்ந்து கிடக்கிறது. அதனால் பத்து இருபது நாள் வைத்துச் சாப்பிடுகிற கால் கிலோ அரை கிலோ ஊறுகாயைப் பவுச்சில் கொடுத்து, அதையே வைத்துச் சாப்பிடச் சொல்வது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

50 கிராம் பவுச் கதை வேறு. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் லாரி டிரைவர் ஒருத்தர் எங்கள் தொக்குப் பவுச்சின் மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு, தயிர்சாதத்தின் மேல் வரிசையாக நாலு பொட்டு பிதுக்கினார், மீதியை இறுக்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கரண்டி வேண்டாம், கை படவில்லை, ஈரம் போகவில்லை, ராத்திரிச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். இரண்டு வேளையில் தீருகிற அளவுக்குப் பவுச்சை மிஞ்சி எதுவும் இல்லை. மனதுக்குக் கஷ்டமாக இருப்பது அந்தக் காலி உறைதான். பல அடுக்கு பிளாஸ்டிக், எண்ணெய் வேறு, பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார், கடித்துத் துப்பின மூலை ரோட்டோரத்திலேயே கிடக்கும். அதனால் இப்போது மூலை தனியாகக் கழன்று விழாதபடி, முழுக்க வெட்டாமல் கொஞ்சம் ஒட்டியிருக்க வெட்டச் சொல்லி கடைக்காரர்களிடம் கேட்டிருக்கிறோம். கடித்துத்தான் திறப்பேன் என்கிறவரிடம் அது எடுபடாது, கடைக்காரர் வெட்டிக் கொடுக்கிற இடத்தில் நடக்கிறது.

ஜிப் கவர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும், திரும்ப மூடலாம், கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கேழ்வரகு மாவுக்கு ஒரு வருடம் முழுக்க ஜிப் கவர்தான் போட்டோம். முதல் தடவை மாவை அள்ளியதுமே அந்த ஜிப்பின் பள்ளத்தில் மாவு போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வாய் பிடிக்காது. இதைச் சொல்லி யாரும் குறைப்படவும் இல்லை, ஏனென்றால் நான் போய்ப் பார்த்த எல்லா வீட்டிலும் வாங்கின அன்றைக்கே மாவை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஜிப்புக்காக நாங்கள் கொடுத்த காசு மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கிறது. ஊறுகாய்க்கு அது இன்னும் மோசம், பள்ளத்தில் எண்ணெய் ஏறினால் வழுக்கும், கரண்டியை அடிவரை விட்டால் மணிக்கட்டு வரை எண்ணெய் ஆகும். வறுத்த வேர்க்கடலை மாதிரி கையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிற உலர்ந்த பண்டத்துக்கு வாங்குங்கள், மாவுக்கும் ஊறுகாய்க்கும் வேண்டாம். நாங்கள் மாவுக்குச் சாதாரணக் கவருக்கே திரும்பிவிட்டோம், மிச்சமான காசில் கொஞ்சம் தடிமனான கவராக எடுக்கிறோம்.

அடுத்தது பெட் ஜார், தண்ணீர் பாட்டில் செய்கிற அதே தெளிவான பிளாஸ்டிக். எங்கள் விற்பனையில் பெரும்பங்கு இதில்தான், முதலில் சொன்ன பெரியம்மா திட்டியதும் இதைத்தான். ஜார் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதில் பார்க்க வேண்டியது மூன்று நான்கு இருக்கிறது, ஒவ்வொன்றையும் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வாய் அகலம் முக்கியம். ஒடுங்கிய வாய் ஜார் மேசையில் நிற்கும்போது அழகாக இருக்கும், அதில் குழிக்கரண்டி நுழையாது. டீ ஸ்பூனை விட்டு நிமிர்த்தி எடுக்கும்போது ஸ்பூன் முதுகிலிருந்து எண்ணெய் விளிம்பில் வழியும், விளிம்பிலிருந்து மரையில் இறங்கும், அப்புறம் மூடி வழுக்க ஆரம்பிக்கும், இன்னும் பலமாகத் திருக வேண்டியிருக்கும். ஜாரின் வாயில் கையை விட்டால் நான்கு விரல் சேர்ந்து உள்ளே போக வேண்டும், அப்படிப்பட்ட ஜாரைத்தான் இப்போது கேட்டு வாங்குகிறேன். மூடியில் கோடு கோடாக ஆழமான வரிகள் இருக்க வேண்டும், வழவழப்பான மூடியை எண்ணெய்க் கை திருக முடியாது. சில்வர் பேப்பர் சீலில் ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கிற வால் கட்டாயம். வால் வைத்த சீல் கொஞ்சம் விலை கூடுதல்தான், அந்தக் கத்திக் குத்தைப் பார்த்தபின் அந்த விலையைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசவே இல்லை. சீல் போடும்போது விளிம்பில் எண்ணெய் இருந்தால் இதிலும் அதே கதைதான், ஒட்டாது, துடைத்துவிட்டுப் போட வேண்டும்.

சூடு இன்னொரு விஷயம். பெட் பிளாஸ்டிக் 70 டிகிரி பக்கம் வந்தாலே இளக ஆரம்பிக்கும். தாளித்த எண்ணெயோடு சூடாக நிரப்பின எங்கள் ஜார்கள் இடுப்புச் சுருங்கி, அடி வீங்கி, நிற்க வைத்தால் ஆடின. தொக்கை இறக்கி, வெள்ளைத் துணி கட்டி ஒரு ராத்திரி முழுக்க ஆற வைத்து மறுநாள்தான் நிரப்ப வேண்டும், அவசர ஆர்டர் என்று வந்தாலும் இதில் சமாதானம் கிடையாது. சூடாகத்தான் நிரப்புவேன் என்கிறவர்கள் கண்ணாடிக்கோ, சூடு தாங்குகிற பிபி என்ற வேறு வகை பிளாஸ்டிக் டப்பாவுக்கோ போய்விடுவது நல்லது.

பெட் ஜாரின் இரண்டாவது வாழ்க்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஊறுகாய் தீர்ந்ததும் அதைக் கழுவிக் காயவைத்து அதில் துவரம்பருப்பு, கடுகு, காய்ந்த மிளகாய் என்று போட்டு வைத்துவிடுகிறார்கள். தர்மபுரியில் ஒரு வீட்டு அலமாரியில் எங்கள் ஜார் ஆறு வரிசையாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்படி வைக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை ஸ்டிக்கரை உரிப்பது, பசை போகாமல் மண்ணெண்ணெய் தேங்காய் எண்ணெய் என்று தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் முழுதாக உரிந்து வருகிற பசை வேண்டும் என்று ஸ்டிக்கர் அடிக்கிறவரிடம் கேட்டேன். ஜார் பழசானாலும் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள், அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். ஒன்று மட்டும், கழுவின ஜாரில் கொதிக்கிற ரசமோ எண்ணெயோ ஊற்றாதீர்கள், நான் சொன்ன 70 டிகிரி அங்கேயும் உண்டு. ஜன்னல் வெயிலில் வைத்தால் மிளகாயின் சிவப்பு வெளுத்துப்போகும், இது கண்ணாடிக்கும் பொருந்தும்.

கண்ணாடி எனக்குப் பிடித்தது. பழைய வாடையைப் பிடித்து வைக்காது, வெந்நீரில் போட்டு எடுக்கலாம், எத்தனை வருடமானாலும் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வாங்கின ஆள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் கிடையாது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை திட்டமும் வந்தது, சந்தைக்கு வருகிறவர்கள் துணிப்பையோடுதான் வருகிறார்கள், ரொம்ப நல்ல விஷயம். துணிப்பையில் இரண்டு கண்ணாடி பாட்டிலைப் போட்டுக்கொண்டு போச்சம்பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒன்றோடொன்று இடிக்கும். ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தால் தப்பிக்கும். வெளியே சுற்றுவதைத்தான் சொல்கிறேன், உணவுப் பண்டத்தை நேராகச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று 2018 உணவுப் பொதி விதிகளிலேயே இருக்கிறது, மை ஒட்டும்.

கண்ணாடியில் மூடிதான் பலவீனமான இடம். தகர மூடியின் உள்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து துரு ஏற்றிவிடும். துரு ஏறின மூடியைப் பார்த்தால் உள்ளே இருப்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடியாக எடுங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கழித்துக்கொள்கிறோம் என்று ஒரு தடவை செய்து பார்த்தோம், பாட்டில்கள் நிறையவே திரும்பி வந்தன. கழுவுவதும், வெந்நீரில் போடுவதும், வெயிலில் கவிழ்த்துக் காயவைப்பதும் எங்கள் இரண்டு பேரால் முடியவில்லை. ஒரே ஒரு பாட்டிலின் அடியில் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்ற பயத்திலேயே தூக்கம் போனது. ஆள் பலம் உள்ள மகளிர் குழுக்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

இத்தனை வீடு பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம், அந்த வீட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கிறதா இல்லையா என்பதுதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னமும் பெரிய வெள்ளை பழுப்பு பீங்கான் ஜாடி வைத்திருக்கிறார்கள், வாயில் துணி கட்டி, உள்ளே ஒரு மரக்கரண்டி, சாமி அறைக்குப் பக்கத்திலோ பரண் மேலோ ஈரம் படாத இடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் என் அகல வாய் ஜாருக்கும் வால் வைத்த சீலுக்கும் ஒரு வேலையும் இல்லை, வாங்கினதும் ஜாடிக்குள் கவிழ்த்துவிடுகிறார்கள், ஜாரின் அடியில் ஒட்டின மசாலாவை வழித்தெடுக்கத்தான் அவஸ்தைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கிலோ பவுச்தான் சரி, ஓரத்தை முழுக்க வெட்டி, கவிழ்த்து, கீழிருந்து விரலால் அழுத்தி வழித்துவிட்டால் கடைசித் துளி எண்ணெய் வரை ஜாடிக்குள் போய்விடும். பவுச் வேண்டாம் என்று நான் மேலே சொன்ன காரணமெல்லாம் பவுச்சையே பாத்திரமாக வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான்.

ஓசூர் ரூம்களில் ஜாடி எங்கே இருக்கப்போகிறது. ஒரு குக்கர், இரண்டு தட்டு, தண்ணீர் கேன். நாலு பேர் ஷிப்ட் மாறி மாறி வந்து நாலு விதமான ஸ்பூனை விடுவார்கள், கழுவின ஈரத்தோடு விடுவதுதான் அதிகம். அங்கே ஜார்தான், அதுவும் 300 கிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது, தீருவதற்குள் ஈரம் ஏறிவிடும். மூடிக்குள்ளேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி போட்டுக் கொடுத்துப் பார்த்தோம். முதல் வாரத்தில் காணாமல் போன இடமும் உண்டு, ஆனால் ஜாருக்குள்ளேயே அதை விட்டு வைத்த ரூம்களில் ஊறுகாய் நன்றாக நின்றது, வேறு ஈர ஸ்பூன் போகவில்லை. அதைத் தொடரலாம் என்றிருக்கிறோம்.

பெரியம்மா வீட்டில் ஜாடி உண்டு. பிள்ளைகள் பெங்களூரில், இவர் ஒருத்தருக்கு அந்த ஜாடி பெரிசு, பரண் மேல் ஏறிவிட்டது. அவருக்கும் 300 கிராம் ஜார்தான்.

சொந்தத் தூக்குப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், பாத்திரம் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு வாசலிலேயே எடை போட்டுக் கொடுக்கிறோம். அதை ஒரு விற்பனை முறையாகப் பெருக்க எனக்கு எண்ணமில்லை.

ஆக, இந்தச் சித்திரைக்கு நாங்கள் எடுத்திருப்பது இதுதான்: 300 கிராமுக்கு அகல வாய், வரி மூடி, வால் சீல் வைத்த பெட் ஜார், ஜாடி உள்ள வீடுகளுக்கு ஒரு கிலோ பவுச், நெடுஞ்சாலைக் கடைகளுக்கு 50 கிராம் தொக்குப் பவுச். கண்ணாடி கிரகப்பிரவேசம், சீர்வரிசை மாதிரி முன்கூட்டிச் சொல்கிறவர்களுக்கு மட்டும். ஒரே வகை உறையை மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று நாத்தனார் சொன்னது உண்மைதான், கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஆனாலும் மூன்றாகவே எடுக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

லேபிள் வேலை இன்னும் முடியவில்லை. பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, செய்த மாதம், முகவரி, போன் நம்பர் எல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும், எல்லாவற்றையும் சின்ன ஸ்டிக்கரில் அடைத்தால் வீட்டில் தேடுகிற ஒரே விஷயமான தேதி கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகிவிடுகிறது, ஒரு வாரத்தில் எண்ணெய்க் கை பட்டு அதுவும் அழிந்துவிடுகிறது. அதனால் ஸ்டிக்கரில் இருக்கிற தேதியையே ஜாரின் மூடி மேலும் பெரிசாக அடிக்கப்போகிறோம், அலமாரியில் இருந்தாலும் பிரிட்ஜில் இருந்தாலும் மேலிருந்துதானே பார்க்கிறார்கள். ஒரு கிலோ பவுச்சில் இன்னொரு பிரச்சினை, ஜாடியில் கவிழ்த்ததும் தேதி பவுச்சோடு குப்பைக்குப் போய்விடுகிறது, எந்த மாதத்து ஊறுகாய் என்று இரண்டு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. பவுச் ஸ்டிக்கரின் கீழ்ப்பகுதியை மட்டும் தனியாக உரித்து ஜாடியின் மேல் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்ய முடியுமா என்று ஸ்டிக்கர் அடிக்கிறவரிடம் கேட்டிருக்கிறேன். மாதிரி அடித்து வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். வந்ததும் நாலு வீட்டு ஜாடியில் ஒட்டிப் பார்க்க வேண்டும், பீங்கானில் நிற்கிறதா என்று.